சின்னது முன்னால போவட்டும்

கங்காதரனை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, பெற்றவள் கண்ணெதிரே உயிரோடு நடமாடுகிறவன்தான் என் கணக்கில் நல்லவன். இவன் ஊரில் உள்ள இன்டர்நெட் லைனை எல்லாம் சரி பண்ணினான். தன் கண் மஞ்சளாகிக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்க்க மட்டும் நேரமில்லை. முப்பது வயது முடியுமுன்னே போய்ச் சேர்ந்தான். அதனால்தான் சொல்கிறேன், அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அப்போது குமணன்சாவடியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடி அறை, உள்ளே ஒரு ஸ்டூல். தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு அதையே பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். நாலு கம்ப்யூட்டர், நாலுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். ஒரு காலேஜ் பையன் வந்து சினிமாப் பாட்டு ஒன்றை இறக்க ஆரம்பித்தால் போதும், மற்ற மூன்று பேரும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி வேம்புலியம்மாள். நசரத்பேட்டையில் அறுப்புக்கும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்தவள். நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். மகன் குவைத்தில் வேன் ஓட்டினான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவான். இங்கே வேம்புலி என் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவேன்.

"சோறு துன்னியான்னு கேளுமே" என்பாள்.

தட்டுவேன். பக்கத்தில் பாட்டு இறங்கிக்கொண்டிருக்கும். குவைத்திலிருந்து "துன்னேம்மா" என்று பதில் வருவதற்குள் அவள் முகம் சுண்டிப்போகும். "இன்னாமே, உடம்பு கிடம்பு சரியில்லியா அவனுக்கு? வாயே தொறக்கலியே?" என்பாள். லைன் மெதுவாகப் போகிறது என்றால் அவளுக்குப் புரியாது. மகன் யோசித்து யோசித்துப் பேசுகிறான், எதையோ மறைக்கிறான் என்று நினைத்து அழுதுகொண்டே பஸ் ஏறுவாள்.

கங்காதரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் இன்ஜினியர். கொரட்டூர்க்காரன். ஏரிக்கரையில் நெல் விளைவித்த குடும்பம், இப்போது அவர்களுக்கு வீடு மட்டும்தான் மிச்சம். கனெக்‌ஷன் கொடுக்கத்தான் அவனைக் கம்பெனி அனுப்பியது. கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வேம்புலி அழுதுகொண்டு போவதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாக்கா, அந்தம்மா ஏன் அழுவுது?" என்றான். சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவில், டி.வி.எஸ். பிஃப்டியின் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். திரை கிடையாது. எங்கோ எடைக்குப் போட வைத்திருந்ததாம். அதைக் கண்ணாடி அறைக்குள் ஸ்டூல்மேல் வைத்து, லைனை அதற்குள் விட்டு, அதிலிருந்து நாலு கம்ப்யூட்டருக்கும் பிரித்தான்.

"இன்னாடா இது, தலையில்லாத முண்டம்?" என்றேன்.

"அக்கா, ரேஷன் கடைல கியூவுல நிக்கிற இல்ல? முன்னால ஒருத்தன் அரிசி, கோதுமை, சக்கரைன்னு மூட்டை கட்டிகினு கீறான். பின்னால ஒரு பொம்பள வெறும் அரை லிட்டர் கெரசினுக்கு நின்னுகினு கீது. அத்த முன்னால உட்டா மூட்டைக்காரனுக்கு இன்னா கொறஞ்சிப்பூடும்? பாட்டுதான் மூட்டை. அந்தம்மா பேச்சு அரை லிட்டர். அத்ததான் இந்தப் பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன். சின்னது முன்னால போவட்டும், பெருசு கொஞ்சம் நிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை வேம்புலி வந்தாள். கேள்வி போன கையோடு பதில் வந்தது. "துன்னேம்மா. நீ?" அவள் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் பாட்டு இறக்கிய பையனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். கங்காதரன் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட மிஞ்சாது. போன் பண்ணினால் வேலை முடிந்ததும் வந்து முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பான். எனக்கு மட்டுமா? எதிரில் சுலைமான் பாய் கடைக்கும், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கும், கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்கும் இதே போலப் பெட்டி வைத்துக் கொடுத்திருந்தான். பாய் எனக்குப் போட்டிக்காரர். அவர் கடையிலும் பேச்சு பறக்கிறது என்று தெரிந்ததும் நான் குதியோ குதி என்று குதித்தேன்.

"ஏன்டா, என் பொழப்புல மண்ணு போடறதுக்கா வந்த?"

"நம்ம லைனும் பாய் லைனும் ஒரே கம்பத்துலதான்கா தொங்குது" என்று சிரித்தான். "அவரு கடைக்கும் ஒரு வேம்புலியம்மா வருவாங்க இல்ல?" காசு கொடுத்தால் வாங்க மாட்டான். "டீ சொல்லுக்கா" என்பான், அவ்வளவுதான்.

"இத்தினி தபா ஓடிவர்றியே, ஒரு ஃப்ளாப்பியில போட்டு வெச்சித் தொலையக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெக்கலாம்கா. வெச்சிட்டா அதோட நின்னுப்பூடும். ஒவ்வொரு தபா புச்சா சொல்லச்சொல்லதான் போன தபாவுக்கு இந்தத் தபா கொஞ்சம் நல்லா வருது. இன்னும் கொஞ்சம் நேராவட்டும், போட்டு வெச்சிடறேன்."

உண்மையிலேயே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நன்றாகத்தான் வந்தது. கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த சம்பத் தலையில் அடித்துக்கொள்வான். செய்த வேலையைப் பத்திரமாக எடுத்துவைக்காதவன் என்ன இன்ஜினியர் என்று கேட்பான். சம்பத் கேட்டது நியாயம்தான். ஆனால் சம்பத்தை நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் வரமாட்டான். நான் லாரி பேட்டரி ஒன்றை வாங்கி இன்வர்ட்டரில் மாட்டிவைத்தேன். பையன் இத்தனை முறை அலையாமல் இருக்கட்டும் என்றுதான். அதன்பின் என் பெட்டி கரண்ட் போனாலும் நிற்கவில்லை.

ஆடி மாதம் அவன் வந்தபோது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. பிடித்துக்கொண்டு கத்தினேன். "கீழாநெல்லி துன்னுகினு கீறேன்கா, சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு, பூந்தமல்லிக் கடையில் லைன் படுத்துவிட்டது என்று வண்டியை உதைத்தான். அந்த வாரக் கடைசியில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காமாலை முற்றி ஈரலைப் பிடித்துவிட்டது என்றார்கள்.

நான் பார்க்கப் போனேன். வாசலில் சம்பத் நின்றிருந்தான். "டாக்டர் ஒண்ணும் நல்லா சொல்லலக்கா" என்றான். பிறகு தயங்கிக்கொண்டே சொன்னான்: "உங்க கடைப் பெட்டிக்குள்ள போவணும்னா ஒரு பாஸ்வேர்டு வேணும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். நா கேட்டா நல்லா இருக்காது. நீங்க பேச்சோட பேச்சா கேட்டுட்டா, உள்ள கீறத அப்படியே எடுத்து வெச்சிடலாம்."

சரி என்று உள்ளே போனேன். கட்டிலில் ஒரு மஞ்சள் துணியைப் போட்டதுபோலக் கிடந்தான். அவன் அம்மா முத்தம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"லைன் எப்படிக்கா போவுது?"

"சும்மா பறக்குது. நீ இல்லாம ஒரு கொறையும் இல்ல."

"வேம்புலியம்மா?"

"போன வெள்ளிக்கிழமை அவ புள்ளைய திட்டிகினு இருந்தா. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்திருக்காளாம், இவன் போட்டோ கேட்டானாம்."

சிரித்தான். சிரிக்கும்போது வலித்தது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நான் வந்து இன்னொரு தபா பாக்கணும்கா. இன்னும் ஒண்ணு நேராக்க வேண்டியது கீது."

என் நாக்கு நுனியில் கேள்வி நின்றது. அந்த வார்த்தையைச் சொல்லிவிடு கங்கா, எடுத்துவைத்துக்கொள்கிறோம். கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? நீ திரும்பி வரமாட்டாய் என்று நானே அவன் முகத்துக்கு நேராக, அவன் அம்மாவை வைத்துக்கொண்டு சொன்னதாக ஆகும். சொத்தைப் பிரித்துக் கேட்க வந்த பங்காளி மாதிரி நிற்க என்னால் முடியவில்லை. "வா, வந்து நேராக்கு. உன்ன உட்டா யாரு கீறா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் சம்பத் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

மறுநாள் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். அந்தக் கதவுக்குள் முத்தம்மாளை விடவில்லை. பிறகு அவனைத் துணி சுற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

கொரட்டூரில் எடுத்தார்கள். பாயும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போகிற வழியெல்லாம் பாய் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என் கடையில அவன் ஒரு வாட்டி சோறுகூட துன்னதில்லம்மா. எத்தினியோ தபா கூப்ட்டேன். வேலை கீது பாய்னு ஓடிடுவான்" என்றார். நானும் அழுதேன். யார்மேலோ இருந்த கோபம் எல்லாம் அழுகையாக வந்தது.

அதன்பிறகு கரண்ட் போகப் போக அவன் ஒவ்வொரு கடையாக மறைந்தான். இப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் பூந்தமல்லிப் பெட்டி மறந்தது. பிறகு கொரட்டூர்ப் பெட்டி. ஆவணியில் ஒரு மழைக்கு எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போனபோது பாயின் பெட்டியும் மறந்தது. கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லை. என் பெட்டி ஒன்றுதான் மிச்சம்.

அந்த மழையில் மத்தியானத்துக்குள் என் பேட்டரியும் இறங்கிவிட்டது. இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்தது. நான் கண்ணாடி அறைக்குள் நின்று பெட்டியைக் கட்டிக்கொள்ளாத குறையாகத் தவித்தேன். அப்போது பாய் தன் கடை லைட்டுக்கு வைத்திருந்த பேட்டரியைக் கைவண்டியில் வைத்து, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "என்னுது பூட்ச்சி. உன்னுதாவது ஓடட்டும்" என்று மாட்டிக்கொடுத்தார். பெட்டி நிற்கவில்லை. அதற்குள் இருந்த சின்ன விசிறியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து அந்த இரைச்சல் எனக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் காது தேடும். பிள்ளை தூக்கத்தில் மூச்சு விடுகிறதா என்று தாய் பார்ப்பாளே, அதுபோல. சாம்பலைக் கரைத்தாயிற்று, கருமாதியும் முடிந்தது, அவன் டி.வி.எஸ்.ஸையும் யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் நினைத்தது இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இதை அணையவிடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. குமணன்சாவடியில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. லேத்துப் பட்டறையிலிருந்து சைக்கிள் கடைவரை எல்லா மெஷினையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ரோட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு எந்த ஆயுதமும் ஓடக் கூடாது. நான் பொரி வாங்கவில்லை, பூ வாங்கவில்லை. கேட்டவர்களிடம், "எங்க கடையில எழவு உழுந்துகீது, ஒரு வருசத்துக்குப் பண்டிகை கெடியாது" என்றேன்.

"அவன் இன்னா உனக்குத் தாயாதியா, பங்காளியா?" என்று பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "அதுக்கும் மேல, போடி" என்று வாயை அடைத்தேன்.

பூஜை அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரை எல்லாம் நிறுத்திவிட்டு, பெட்டிக்குத் துணையாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு வெள்ளைத் தலை உள்ளே வந்தது. முத்தம்மாள். கையில் மஞ்சள் பை.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்று எழுந்தேன்.

"எழவு ஊடு, இந்த வருசம் ஒண்ணும் செய்யக் கூடாதுன்ட்டாங்க" என்றார். "சின்ன வயசுலர்ந்து அவன் திருப்புளி, கொறடு எல்லாத்தையும் வரிசையா வெப்பான், நான்தான் பொட்டு வெப்பேன். இந்த வருசம் வெறும் கையா உக்காந்துகீறேன். மனசு கேக்கல. அவன் கைபட்ட மெஷினு இங்கதான் ஒண்ணு ஓடுதுன்னு சம்பத்து சொன்னான். அதுக்கு ஒரு பொட்டு வெச்சிட்டுப் போயிடறேன், உடுமே."

எப்படி மறுப்பது? கண்ணாடி அறைக் கதவைத் திறந்துவிட்டேன். பையிலிருந்து சந்தனம், குங்குமம், கதம்பம், ஒரு எலுமிச்சை, காகிதத்தில் கட்டிய பொரி எல்லாம் வந்தன. முந்தானையால் பெட்டியைத் துடைத்தார். மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். சூடம் ஏற்றப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாமே இது, சத்தம் கேக்குது? ஓடிகினா கீது?"

"ஆமாம்மா."

"பூசை அன்னிக்கி ஆயுதத்த ஓட்டுவாங்களா? நீயே சொல்லு." குரல் உடைந்தது. "என் புள்ளைக்குத்தான் ஒரு நாள் ரெஸ்ட்டு இல்லாம பூட்ச்சி. ஞாயித்திக்கெழமன்னா ஓடுவான், மழைன்னா ஓடுவான், கண்ணு மஞ்சளா கெடந்தப்பகூட ஓடினான். இதையும் ஏன்மே அவன மாரியே ஓட வெக்கிற? ஒரு நாளு ஓய்வு குடேன். எது சுச்சு?"

என் வாய்க்கு இந்த ஊரே பயப்படும். ஆனால் இவரிடம் என்ன சொல்வேன்? அதை நிறுத்தினால் உன் மகன் மிச்சமிருக்கிற கடைசி இடமும் போய்விடும் என்றா? பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, நீ கையை வைத்தால் அவன் இன்னொரு தரம் சாவான் என்றா? சொல்லியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார். பொட்டு வைத்த கையோடு நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அந்தப் பெட்டி ஓடுகிறவரை அது நின்றுவிடுமோ என்று இன்னொரு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்திருப்பார். எனக்கு அது தெரிந்த வேதனை. அதை அவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

அவர் கேட்டது சின்னது. பெரியது என்னுடைய ஆசை. கொஞ்சம் நிற்கட்டும்.

அவர் கையைப் பிடித்து இன்வர்ட்டரின் சுவிட்சில் வைத்தேன். "இதாம்மா. நீங்களே நிறுத்துங்க" என்றேன்.

விசிறி நின்றது. கடைக்குள் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதே இல்லை. வெளியே யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள்.

முத்தம்மாள் சூடம் காட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவர், எடுக்கவில்லை.

"சூடா கீதுமே" என்றார். "ஒடம்பு மாரி."

சூடம் எரிந்து அணைந்தது.

"ஆஸ்பத்திரியில என்ன உள்ள உடலியே. எல்லாம் முடிஞ்சி குடுத்தப்போ ஐஸா கெடந்தான். சூடு எறங்கற நேரத்துல என் கை அவன் மேல இல்லியேன்னு தெனமும் நெனச்சிப்பேன்."

ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். அந்தச் சூடு மெல்ல மெல்ல இறங்கி, முழுக்க ஆறும்வரை இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சத்தம் போட்டு அழவில்லை. தகரம் சில்லிட்டபிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தூங்கட்டும்" என்றார். "நாளைக்கி போட்டுடுவ இல்ல?"

"போட்டுடுவேம்மா."

"நல்லா போவும் இல்ல?"

"உங்க புள்ள வெச்சது. போவாம இருக்குமா?"

பொரியில் ஒரு கைப்பிடி என் கையில் வைத்துவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து போனார். முகம் தெளிந்திருந்தது. அவன் போனபிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சம்பத்தைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்தான். பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு வார்த்தை திட்டவில்லை. தனக்குத் தெரிந்த வரைக்கும் ஏதோ செய்து கடையை ஓடவைத்தான். ஓடியது, பழையபடி, ரேஷன் கடைக் கியூ மாதிரி.

வெள்ளிக்கிழமை வேம்புலியம்மாள் வந்தாள். பக்கத்தில் ஒருவன் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தான். சோறு துன்னியான்னு கேளுமே என்றாள். தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இன்னாமே, பதிலே காணோம்? புள்ள நல்லாதான் கீறானா?"

"நல்லாதான் கீறான்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வருவான், இரு. முன்னால ஏதோ பெருசு நின்னுகினு கீது."